'குண்டு' என்ற பெயரும் உடம்பின் நலமும்

(கோத்தகிரியில் மகளிர் குழுவினரும் தோட்டத் தொழிலாளர்களும் சுகாதாரப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, சுகாதாரப் பணியில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

நம் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் நலம் விசாரிப்பதே உடம்பைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. "என்னம்மா, இப்படிப் பெருத்துட்டே" என்றோ, "கீழே சமவெளிக்குப் போய் வந்ததிலிருந்து இளைச்சுட்டியே" என்றோ கேட்கிறோம். பெரும்பாலும் அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் பள்ளியில் 'குண்டு' என்று பெயர் வாங்கிய பெண், பிரசவத்துக்குப் பிறகு அதே பெயரைப் புகுந்த வீட்டிலும் கேட்டு, நாற்பது வயதில் மருத்துவச் சீட்டில் 'உடல் பருமன்' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, ஊர் சொன்னதை மருத்துவரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதையும், அந்தப் பெயரைச் சுமக்காமலே உடல்நலத்தைத் தேடலாம் என்பதையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

சீட்டில் வரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ., அதாவது உடல் நிறை குறியீட்டெண். 1830-களில் பெல்ஜியத்தின் வானியல், புள்ளியியல் அறிஞர் அடோல்ஃப் கெட்லே, மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்தபோது கண்டறிந்த கணக்கு அது; தனி ஒரு நோயாளியைப் பரிசோதிப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. 150 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கில் 24 வரும். உலக அளவில் வழங்கும் வரம்பு 25 என்பதால் அந்த அளவுகோலில் அவர் சரியான எடை உள்ளவர். 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்த வரம்பு 23 என்பதால் இங்கே அவரே அதிக எடை உள்ளவர். வரம்பைக் குறைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. அதே எண்ணில் நம்மவர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது, சர்க்கரை நோயும் முன்கூட்டியே வருகிறது. முன்னெச்சரிக்கைக்காகப் போட்ட கோடு அது. ஒருவருடைய அழகைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை.

தேயிலை எடை போடும் இடத்தில் நிற்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தராசு கிலோவைச் சொல்லும். சாக்கில் இருப்பது கொழுந்தா, முற்றிய இலையா, மழை ஈரமா என்பதைக் கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யூட்கினும் தங்கள் இருவருடைய படத்தையும் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3 தான்; உடம்பில் இருந்த கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆகவே 'எனக்கென்ன, நான் ஒல்லி' என்று பரிசோதனைக்கு வராமல் இருப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும்.

எடை பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் கருதிவிட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40 சதவீதத்தினர் அதிக எடை அல்லது பருமன் என்ற வகையில் வருகிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுவதே நல்லது. அதே சமயம், எடை குறைந்தால்தான் நலம் தொடங்கும் என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டபோது, மூன்றாண்டுகளில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. எடை மெஷினின் முள் அசையாததைப் பார்த்து மனம் விட்டு நடையை நிறுத்தியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். முள் அசையாத அந்த மாதங்களிலும் உங்கள் உடம்புக்குள் நன்மை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

குளிருக்கு இதமாக நாளெல்லாம் டீ குடிப்பது நம் வழக்கம். கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து கிளாசில் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும்; உடன் வர்க்கி பிஸ்கட்டும் உண்டு. டீயை விட வேண்டாம், ஸ்பூனைக் குறைத்தால் போதும். ராகிக் களியும் சாமைச் சோறும் அவரையும் கீரையும் இந்த மண்ணின் உணவுகள். அவற்றை வாரத்தில் சில நாளாவது அடுப்புக்குத் திரும்பக் கொண்டுவரலாம். 'பத்து கிலோ குறைந்த பிறகு' என்று நல்ல புடவையையும் கல்யாண வீட்டையும் தள்ளிப்போடாதீர்கள். இப்போது இருக்கும் உடம்புதான் உங்களை ஏற்றத்தில் நடத்திச் செல்கிறது. அதற்கு இன்றே மரியாதை செய்யுங்கள்.

இனிச் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், நடந்த முகாமில், எடை மெஷினைத் திண்ணையில் வைத்து, ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொல்ல, மற்றொருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஓர் எண்ணைக் கேட்டு வரிசையில் சிலர் சிரித்தார்கள். அடுத்து நின்ற அம்மா, "அடுப்பில பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்; திரும்பவே இல்லை. பக்கத்து மேசையில் ரத்த அழுத்தக் கருவி இருந்தது. தலைசுற்றுகிறது என்று காலையில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வெட்கம் ஒருவரை மருத்துவத்திலிருந்தே விலக்கிவிடும் என்பதை அன்று நான் கண்ணால் கண்டேன். எனவே எடை மெஷினை உள்ளறையில் வையுங்கள். சம்மதம் கேட்டு ஏற்றுங்கள். எண்ணை அவருக்கு மட்டும் காட்டுங்கள். எந்த உபாதையுடன் வந்தாலும் "எடையைக் குறைங்க" என்று அனுப்பிவிடாமல், ரத்தசோகை, தைராய்டு, மூட்டு ஆகியவற்றை மற்றவர்களுக்குப் பார்ப்பதுபோல் பாருங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, பருத்த கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்க அது இடம் கொடுத்துவிடும். நம் துணைச் சுகாதார நிலையத்துக்குப் பெரிய பட்டை ஒன்று வேண்டுமென்று மனு எழுதி, வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது அதில் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.