ஓட்டல் டோஸ்டர் வீட்டுக்கு ஒத்து வருமா?

வணக்கம் மக்களே. ஓட்டல் பஃபேல இருக்குமே, கனமான ஸ்டீல் டோஸ்டர், அதை வீட்டுக்கு வாங்கலாமாங்கிறதுதான் இன்னிக்கு விஷயம். காலையில நாலு ஸ்லைஸ், ஆறு ஸ்லைஸ் போடுற வீடுன்னா வேண்டாம். யாருக்கு வேணும்னு கடைசியில சொல்றேன்.

உதாரணத்துக்கு டுவாலிட்டை எடுத்துக்குவோம். 1945-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டு ஸ்லாட் மாடலே அங்க சுமார் 200 பவுண்டு, நம்ம பணத்துல 20,000 ரூபாய்க்கு மேல. நம்ம ஊர்ல 2,000 ரூபாய்க்கே நல்ல பாப்-அப் டோஸ்டர் கிடைக்குது. அப்போ அந்த மிச்சக் காசு எதுக்குப் போகுது?

கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இந்தக் குமிழைப் பாருங்க. திருப்பினா டிக் டிக்னு சத்தம் கேக்குதா? இது சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி, ஸ்ப்ரிங்ல ஓடுற டைமர். சாதா டோஸ்டர்ல லிவரை அழுத்தினா ஒரு மின்காந்தம் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், நேரம் முடிஞ்சதும் விட்டுடும், பிரெட் துள்ளி வரும். இதுல துள்ளாது. நேரம் முடிஞ்சா கம்பி அணையும், பிரெட் உள்ளேயே சூடா இருக்கும். பக்கத்துல இருக்கிற லிவரை நாமதான் தூக்கணும். நடுவுல தூக்கி நிறம் பார்த்துட்டு இறக்கினாலும் டைமர் பாட்டுக்கு ஓடும். இது உண்மையிலேயே நல்ல வசதி.

ஆனா டைமருக்கு நேரம் மட்டும்தான் தெரியும், சூடு தெரியாது. முதல் ஈடுக்கு 3 நிமிஷம் வச்சா, அடுத்த ஈடுக்கும் அதே 3 வைக்காதீங்க, கருகிடும். உடம்பு பூரா ஏற்கெனவே சூடேறியிருக்கும். அரை நிமிஷம் குறைச்சு வச்சு, தூக்கிப் பாருங்க.

அடுத்தது பிரெட். இந்த மாதிரி மெஷினோட பலமான சூடு தடிமனான ஸ்லைஸுக்குத்தான் பொருந்தும். மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு வரும். நம்ம கடை மில்க் பிரெட் மெல்லிசு, சர்க்கரையும் உண்டு. சர்க்கரை இருந்தா சீக்கிரம் சிவக்கும். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவுல ரொம்பக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதுக்குக் கம்மி வாட் டோஸ்டரே போதும். தோசைக்கல்லுல சிம்ல வச்சு எடுத்தாலும் அருமையா வரும்.

இப்போ கரண்ட், இதைக் கவனமா கேளுங்க. சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்ல தாங்குறது 1,380 வாட். ரெண்டு ஸ்லாட் மாடல் 1,200 வாட் வாக்குல, அதனால ஓரளவு சமாளிக்கும். நாலு ஸ்லாட் 2,200 வாட். அதுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் கண்டிப்பா வேணும். லண்டன்ல இருந்து கொண்டு வந்தா வோல்டேஜ் பிரச்சினை இல்லை, பிளக்தான் பிரச்சினை. மலிவான டிராவல் அடாப்டர்ல சொருகாதீங்க, உருகிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கையே மாத்துங்க. அமெரிக்க 120 வோல்ட் மாடலை நேரடியா நம்ம பாயின்ட்ல சொருகினா கம்பி போயிடும்.

லோ வோல்டேஜ் ஏரியாவா? 230 வோல்ட் 200-க்கு இறங்கினா 1,200 வாட் 900 வாட்டா குறைஞ்சிடும். பிரெட் சிவக்காம காய்ஞ்சு போய் ரஸ்க் மாதிரி வந்தா, மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வோல்டேஜைப் பாருங்க.

காசு கொடுத்ததுக்கு நிஜமான பலன் ரிப்பேர்தான். ரெண்டு ஸ்லாட்டுக்கு மூணு ஹீட்டிங் தகடு: ஓரத்துல ரெண்டு, நடுவுல ஒண்ணு. ரெண்டு பிரெட்டுலயும் உள்பக்கம் மட்டும் வெளுப்பா வந்தா நடுத்தகடு போச்சுன்னு அர்த்தம். அதை மட்டும் கழட்டி மாத்தலாம். சாதா டோஸ்டர்ல கம்பி போனா பெரும்பாலும் மொத்தமா தூக்கிப் போடணும். தகடு கெடுறதுக்குப் பெரிய காரணம், மாட்டிக்கிட்ட பிரெட்டைக் கத்தியால நோண்டுறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மரக் குச்சியால எடுங்க. வெண்ணெய் தடவின பிரெட்டை உள்ள விடவே விடாதீங்க, வெண்ணெய் உருகி, அடியில கிடக்கிற பிரெட் தூள் மேல சொட்டினா தீப்பிடிக்கும்.

பிரெட்டை நகர்ற பெல்ட்ல வச்சு வாட்டுற கன்வேயர் டோஸ்டரை வீட்டுக்கு நினைக்கவே வேண்டாம். பிரெட் இல்லாட்டியும் கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

கூட்டுக் குடும்பம், அரை மணி நேரத்துல இருபது ஸ்லைஸ் போகணும், பவர் பிளக்கும் இருக்குன்னா நாலு ஸ்லாட் தாராளமா வாங்குங்க. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: தனித் தகடு என்ன விலை, டைமர் என்ன விலை. ரெண்டுக்கும் பதில் இல்லேன்னா அந்தக் கடையில வாங்காதீங்க.