ஓரத்தில் எழுதியவர்கள்: யூதச் சட்ட நூல்களில் கையெழுத்துக் குறிப்புகள்

வணக்கம் நண்பர்களே. இன்று என் முகத்தைவிடப் பக்கங்களைத்தான் அதிகம் காட்டப் போகிறேன். திரையில் இருப்பதை முதலில் நன்றாகப் பாருங்கள். எபிரேய எழுத்தில் சீராகப் படியெடுத்த ஒரு சுவடி. வாசகம் முடிந்த இடத்தில் வேறொரு கை, சாய்வாக, விறுவிறுவென்று எழுதியிருக்கிறது. இது என் நூலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது, நான் மைமோனின் மகன் மோசே என்கிறது அந்த வரி. ஆம், மைமோனிடிஸேதான். எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த மருத்துவர், மெய்யியலாளர், யூதச் சட்டம் முழுவதையும் 14 நூல்களாகத் தொகுத்த மிஷ்னே தோராவின் ஆசிரியர். அந்த 14இல் முதல் இரண்டு நூல்களின் படி இது. ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் ஹண்டிங்டன் 80 என்ற எண்ணில் இருக்கிறது.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அச்சு வராத காலம் அது. சட்ட நூலைப் படியெடுக்கும்போது ஒரு 'கூடாது' விடுபட்டால் போதும், விலக்கியது விதியாகிவிடும். இந்தப் படியை நம்பலாம் என்பதற்கு ஆசிரியரே கைப்படச் சாட்சி சொல்லியிருக்கிறார். எட்டு நூற்றாண்டு கழித்தும் அந்தச் சாட்சி செல்லுபடியாகிறது; மிஷ்னே தோராவின் பாடத்தை, அதாவது மூல வாசகத்தை, ஆராய்பவர்கள் இந்தச் சுவடியைத் தவிர்க்கவே முடியாது.

அதே நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. தெற்கு பிரான்சில் போஸ்கியேர் என்ற ஊரில் ஆபிரகாம் பென் தாவீது என்றொரு பெரும் அறிஞர் இருந்தார். 1198இல் மறைந்தவர். மைமோனிடிஸின் நூலை எடுத்துக்கொண்டு, ஒத்துக்கொள்ள முடியாத இடங்களில் எல்லாம் சுடச்சுட மறுப்பு எழுதினார். கடவுளுக்கு உடல் உண்டு என்று நம்புகிறவன் சமயத்தை மறுப்பவன் என்று மைமோனிடிஸ் எழுதியிருந்தார். அவனை ஏன் அப்படி அழைக்கிறார், அவரைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும் அப்படி எண்ணியிருக்கிறார்களே என்று இவர் கேட்டார். இன்று மிஷ்னே தோராவின் வழக்கமான பதிப்பைத் திறந்தால் சட்டமும் மறுப்பும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மாணவன் இரண்டையும் சேர்த்தே படிக்கிறான். எனக்கு இந்த மரபின் மீது மரியாதை பிறந்த இடம் இதுதான்.

மூலத்தில் கை வைக்காதே, சொல்ல வேண்டியதை அருகில் எழுது. இதற்காக ஒரு குடும்பத்துக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து அறிஞர் ரபேனு கெர்ஷோம், யூதச் சட்ட விவாதங்களின் பெரும் தொகுப்பான தல்மூதின் பாடத்தைத் திருத்துபவர்களைச் சபித்தார். பிறகு வந்து தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி, பிழை என்று பட்டதை உரையில் சொன்னாரே தவிர நூலில் அழிக்கவில்லை. ஆனால் ராஷியின் பேரன் சாமுவேல் துணிந்தவர். அவருடைய தம்பி, 'ரபேனு தாம்' எனப்பட்ட அறிஞர், தன் நூலின் முன்னுரையில் மனம் நொந்து எழுதுகிறார்: தாத்தா ஒன்றைத் திருத்தினால் அண்ணன் இருபதைத் திருத்தினார், அது மட்டுமா, நூல்களிலேயே அழித்தும் விட்டார். அண்ணனின் அறிவைக் குறைத்து ஒரு சொல் இல்லை. ஆனால் அழித்தது அழித்ததுதான். பின்னால் வருபவருக்குப் பழைய பாடம் கிடைக்காது. இந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்று நினைக்கிறேன்.

அச்சு வந்ததும் நிலைமை மாறியது. டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் வெனிஸில் 1520 முதல் 1523 வரை தல்மூத் முழுவதையும் முதன்முறையாக அச்சிட்டார். நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் தோசஃபோத் என்ற பிற்கால உரைகள், அவற்றைச் சுற்றி வெற்று ஓரம். போலந்தில் சாலமன் லூரியா அந்த ஓரத்தில் தன் திருத்தங்களை எழுதிக்கொண்டே போனார். அவை அவர் மறைவுக்குப் பிறகு தனி நூலாக வெளிவந்தன. அடுத்து நடந்ததுதான் வேடிக்கையான சோகம். பிந்தைய அச்சகத்தார் அவர் சொன்ன திருத்தங்களை மூலத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது அவருடைய குறிப்பில் 'இப்படி இருக்க வேண்டும்' என்று படித்துவிட்டு மேலே பார்த்தால் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது! எதைத் திருத்தினார் என்று தெரிந்துகொள்ள மீண்டும் பாம்பெர்க் பதிப்பைத் தேடிப் போக வேண்டும்.

ஓரத்தில் குறி இடுவதே சட்டப் பிரச்சினையாகவும் ஆனது. யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சபத்தில் எழுதக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. அன்று படிக்கும்போது ஒரு கேள்வி எழுந்தால்? பொழுது சாய்ந்து சபத் முடியும்வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சரி, நகத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு வைக்கலாமா? சுல்ஹான் அருக் என்ற சட்டத் தொகுப்பு இதையும் பேசுகிறது. அடையாளத்துக்காக நகத்தால் கீறலாம், அது நிலைத்து நிற்பதில்லை என்கிறது. பின்வந்தவர்கள் அதையும் விடவில்லை. தோல் ஏட்டில் கீறல் நிற்காது, நம் காகிதத்தில் நிற்கும், ஆகவே காகிதத்தில் கூடாது என்று பிரித்தார்கள். புத்தகத்தின் ஓரத்தில் ஒரு நகக்கீறலைப் பற்றிப் புத்தகமே இவ்வளவு யோசிக்கிறது என்றால், அந்த மக்கள் படிப்பை எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்தவர். அகிவா ஏகர், 1761இல் பிறந்தவர், கடைசிக் காலத்தில் போசன் நகரத்தின் ரப்பி, அதாவது யூதச் சமயச் சட்டத் தலைவர். தல்மூதின் ஓரத்தில் அவர் எழுதியவை மிகச் சிறிய குறிப்புகள். இன்ன இடத்தைப் பார், இதோடு அது முரண்படுகிறதே, அவ்வளவுதான். 1830களில் பிராக் நகரப் பதிப்பில் முதலில் அச்சாயின. பெரும்பாலும் விளக்கம் தருவதில்லை. பல குறிப்புகள் 'ஆராய வேண்டும்' என்று முடிந்துவிடுகின்றன. அவருக்கு விடை தெரிந்திருக்கலாம் என்று எண்ணித் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்த ஒற்றை வரிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவருடைய கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே பலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர், தெரியவில்லை என்று கைப்பட எழுதி அதை அச்சுக்கும் போகவிட்டார். இதைவிடப் பெரிய நேர்மையை நான் சட்ட நூல்களில் கண்டதில்லை.

1880 முதல் 1886 வரை வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) ரோம் குடும்பத்து அச்சகம் வெளியிட்ட தல்மூத் இந்த ஓரக் குறிப்புகளையெல்லாம் பெருவாரியாகச் சேர்த்துத் தொகுத்தது. யோவேல் சிர்கிஸ், வில்னா காவோன் எனப்படும் எலியா, அகிவா ஏகர், சாமுவேல் ஸ்ட்ராஷுன் எனப் பலருடைய கைக்குறிப்புகள் அதில் அச்செழுத்தாயின. ஸ்ட்ராஷுனின் மகன் மத்தித்யாகு பெரும் நூல் சேகரிப்பாளர். தன் நூலகத்தை 1885இல் இறக்கும்போது வில்னா யூத சமூகத்துக்கே எழுதிவைத்தார். பிறகு நாஜிகள் வந்தார்கள். யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதியில் இருந்த அறிஞர்களைக் கொண்டே நூல்களைத் தரம் பிரிக்க வைத்தார்கள். ஒரு பகுதி ஜெர்மனிக்கு, மற்றவை காகித ஆலைக்கு. கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவரும் நண்பர்களும் உயிரைப் பணயம் வைத்து நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் உடைக்குள் மறைத்துக் கடத்திப் பதுக்கினார்கள். ஜெர்மனிக்குப் போனவற்றில் ஒரு பகுதி போருக்குப் பின் ஓஃபன்பாக் கிடங்கிலிருந்து 1947இல் நியூயார்க்கின் ஈவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அச்சில் வந்த நூலுக்கு வேறு பிரதி கிடைக்கலாம். ஓரத்தில் மையால் எழுதியதற்கு வேறு பிரதியே இல்லை, எரிந்தால் எரிந்ததுதான். அதனால்தான் சுத்தமான பழைய நூலைவிடக் கிறுக்கல் நிறைந்த நூலை நான் மேலாக மதிக்கிறேன். போரும் தீயும் மட்டுமே பகை என்று எண்ணிவிடாதீர்கள். நூலைப் புதிதாகக் கட்டுகிறவர் விளிம்பைச் சமமாக வெட்டும்போது குறிப்பின் பாதி வரி போய்விடுகிறது. இரும்பு கலந்த பழைய மை காகிதத்தை அரித்துத் துளையாக்கிவிடுகிறது.

யாருடைய கை என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. தலைப்புப் பக்கத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். பூமியும் அதன் நிறைவும் ஆண்டவருடையவை என்ற சங்கீத வரியை எழுதிவிட்டு அதன் கீழே தன் பெயரைப் போடுவது வழக்கம். ஆனால் நூல் கை மாறியிருக்கும். ஓரத்தில் மூன்று தலைமுறையின் எழுத்து கலந்திருக்கும். ஆய்வாளர்கள் கடிதங்களையும் கையொப்பங்களையும் பக்கத்தில் வைத்து, எழுத்தின் வளைவை, மையின் நிறத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள்.

ஹண்டிங்டன் 80இன் படங்களை பாட்லியன் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எபிரேயம் தெரியாவிட்டாலும் போய்ப் பாருங்கள். வலப்புறத்திலிருந்து தொடங்குங்கள். சுவடியின் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் கை மாறும் இடம் கண்ணுக்கே புலப்படும். அங்கே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.