ஒரே ஸ்பெயின், ஆறு கேம்: மதத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்?

வணக்கம் மக்களே. மைக் ஓடுகிறதா? ஓடுகிறது. சரி.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஒரு கேமில் ஒரு பொத்தானை அழுத்தினேன். காரியம் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அந்தப் பொத்தானை வீடியோ முடிவதற்குள் காட்டுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேம்களைப் பற்றிப் பேசினாலே ‘இது வரலாற்றுப்படி சரியா, தப்பா’ என்றுதான் சண்டை வரும். அந்த ராஜா அப்போது உயிரோடு இருந்தாரா, அந்தக் கேடயம் அந்தக் காலத்தில் இருந்ததா, இப்படி. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நான் பார்ப்பது வேறு: கேம் மதத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறது? சிப்பாயிடமா, நகரத்திலா, ராஜாவின் மனசிலா, நிலத்திலா? எங்கே வைத்திருக்கிறதோ, அதற்குத் தகுந்த கதையைத்தான் அதனால் சொல்ல முடியும். இதைச் சோதிக்க ஒரே நிலத்தை எடுத்துக்கொண்டேன். ஸ்பெயின். ஏனென்றால், அநேகமாக எல்லா கேமிலும் அது இருக்கிறது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டிலிருந்து ஆரம்பிப்போம். 1999-இல் வந்த கேம். அடுத்த வருஷமே வந்த கான்கரர்ஸ் எக்ஸ்பேன்ஷனில்தான் ஸ்பானியர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்றே கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து வரும் ஒரு மிஷனரி உண்டு. எதிரி வீரனிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று மந்திரம் மாதிரி ஓதுவார். சில விநாடிகளில் நீலச் சட்டை சிவப்புச் சட்டையாகிவிடும், அவன் உங்கள் ஆள். இங்கே மதம் என்பது தூரத்திலிருந்து எறிகிற ஒரு ஆயுதம், அவ்வளவுதான். இதைக் குறை சொல்ல மாட்டேன், சண்டை கேம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அதே மடாலயக் கட்டடத்தில் ‘ஹெரஸி’ (மதத் துரோகம்) என்று ஓர் ஆராய்ச்சி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அதைச் செய்துவிட்டால், உங்கள் வீரனை எதிரி மதம் மாற்றும் அந்தக் கணத்தில் அவன் கட்சி மாற மாட்டான். செத்து விழுவான். சின்ன வயதில் இதை ‘சூப்பர் அப்கிரேட்’ என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

சிவிலைசேஷன் நான்கு, 2005. அந்தத் தொடரில் மதம் முதல்முறை ஒழுங்காக உள்ளே வந்தது இதில்தான். ஏழு மதங்கள். ஏழும் கணக்கில் ஒன்றே, பெயரும் சின்னமும்தான் வேறு. யார் மனதும் புண்படக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. அதன் விளைவு விசித்திரமானது. எந்த மதம் என்ன சொல்கிறது என்பதற்கு அர்த்தமே இல்லாததால், ‘நீ எங்கள் ஆளா இல்லையா’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. ஸ்பெயினின் இசபெல்லா இந்தக் கேமில் பெரிய மதவெறி பிடித்தவர். மதங்களுக்கு வழி திறக்கும் மிஸ்டிசிசம் என்ற தொழில்நுட்பம் ஆட்டம் தொடங்கும்போதே அவர் கையில் இருப்பதால், பெரும்பாலும் முதலில் கிடைக்கிற மதத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அது பல தடவை புத்த மதமாக இருக்கும். ஆக, புத்தரை ஏற்காத குற்றத்துக்காக கத்தோலிக்க மகாராணி இசபெல்லா என் மேல் படையெடுத்து வருவார்! சிரிப்புதான் வரும். ஆனால் கேமை உருவாக்கிய பயல்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்: சண்டைக்குக் கொள்கை தேவையே இல்லை, ‘நாம், அவர்கள்’ என்ற இரண்டு பக்கம் இருந்தால் போதும். அப்புறம் பணம். மதம் தோன்றிய புனித நகரத்தில் கோயில் எழுப்பிவிட்டால், உலகத்தில் உங்கள் மதம் பரவிய ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தங்கம் வரும். நான் மிஷனரிகளை அனுப்பியதெல்லாம் பக்தியினாலா என்று கேட்காதீர்கள்.

சிவிலைசேஷன் ஆறில் மதகுருக்கள் எதிரெதிரே நின்று மின்னலை விட்டு அடித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டிப் போவோம்.

க்ரூஸேடர் கிங்ஸ் மூன்றுக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் மதம் மனிதர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நம்பிக்கை, குணம், ஆசை, பாவக் கணக்கு எல்லாம் உண்டு. பக்திப் புள்ளிகள் போதுமான அளவு சேர்ந்தால், கோட்பாடுகளைப் பொறுக்கியெடுத்து நீங்களே ஒரு புது மதப் பிரிவைத் தொடங்கலாம். 1066-இல் ஆட்டத்தைத் தொடங்கினால் ஸ்பெயினின் வடக்கே, கிறிஸ்தவ அரசுகளான காஸ்டிலில் சாஞ்சோ, லியோனில் அல்ஃபோன்ஸோ, கலீசியாவில் கார்சியா என்று மூன்று அண்ணன் தம்பிகள். தெற்கே முழுக்க தைஃபா என்ற சின்னச் சின்ன முஸ்லிம் அரசுகள்.

இந்தத் தொடரின் அடிப்படை விதி என்ன? சும்மா போர் தொடுக்க முடியாது, காரணம் வேண்டும். சொந்த மதத்து அண்டை வீட்டுக்காரனிடம் நிலம் பிடுங்க வேண்டுமென்றால் அதன் மேல் உரிமை காட்ட வேண்டும், அதற்குப் பல வருஷம் ஆகும். வேற்று மதத்துக்காரன் என்றால் புனிதப் போர் என்று சொல்லி ஒரு பெரிய துண்டை ஒரே போரில் வாங்கிவிடலாம். அப்போது ஆட்டக்காரன் எந்தப் பக்கம் திரும்புவான்? நான் கெட்டவன் இல்லை, எனக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான். கேம் என்னிடம் ‘வெறுத்துத் தொலை’ என்று எங்குமே சொல்லவில்லை. தெற்குப் பக்கம் நிலம் மலிவு என்று மட்டும் சொன்னது.

ஆனால் நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்த அல்ஃபோன்ஸோவை 1072-இல் சொந்த அண்ணன் சாஞ்சோ தோற்கடித்துத் துரத்துகிறார். அல்ஃபோன்ஸோ எங்கே போய்த் தஞ்சம் புகுகிறார் தெரியுமா? டொலேடோவின் முஸ்லிம் அரசரிடம். அங்கே விருந்தாளியாக இருக்கிறார். அதே வருஷம் சாஞ்சோ கொல்லப்பட, திரும்பிப் போய் அரியணை ஏறுகிறார். 13 வருஷம் கழித்து, 1085-இல், அதே டொலேடோவைப் பிடிக்கிறார். எல் சித்? கிறிஸ்தவ வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுபவர். அல்ஃபோன்ஸோ 1081-இல் அவரை நாடு கடத்தியபோது சரகோசாவின் முஸ்லிம் அரசரிடம் படைத்தலைவராகச் சேர்ந்தார். மறு வருஷம் அந்த அரசருக்காகப் போரிட்டு, பார்சிலோனாவின் கிறிஸ்தவக் கோமகனைச் சிறை பிடித்தார். அந்தக் கோமகன் எதற்கு அங்கே வந்திருந்தார் என்றால், எதிர்ப்பக்க முஸ்லிம் அரசருக்குத் துணையாக! சரகோசா அரசரும் அந்த எதிர்ப்பக்க அரசரும் கூடப்பிறந்தவர்கள். ‘சித்’ என்ற பட்டமே அரபு ‘சய்யித்’திலிருந்து வந்ததுதான்.

இந்தக் கேமை உருவாக்கிய பாரடாக்ஸ் நிறுவனத்துக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்கிறது. 2022-இல் வந்த ‘ஃபேட் ஆஃப் ஐபீரியா’ என்ற கூடுதல் தொகுப்பில் ‘ஸ்ட்ரகிள்’ (போராட்டம்) என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த மொத்த ஐபீரியத் தீபகற்பமும் வாய்ப்பு, பகை, சமரசம், இணக்கம் என்று ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும். ஆட்சியாளர்கள் செய்கிற காரியங்களே அதை நகர்த்தும். பகைக் காலத்தில் ஒரு மாதிரி விதிகள், இணக்கத்தை நெருங்க நெருங்க வேறு மாதிரி. மதம் தாண்டிய கல்யாணத்துக்கும் கூட்டணிக்கும் வழி திறக்கும், வாளுக்குக் கதவு சாத்தும். நான் பார்த்த வரையில் இந்த வகைக் கேம்களில் மதச் சண்டையை இவ்வளவு நேர்மையாக வடித்தது வேறு இல்லை. ஏனென்றால், வெறுப்பு என்பது மதத்துக்குள் பிறவியிலேயே இருக்கிற குணம் என்று அது சொல்லவில்லை. வெறுப்புக்கும் ஒரு பருவம் உண்டு, அதைக் கொண்டுவருவதும் போக்குவதும் ஆட்களின் வேலை என்கிறது.

வரிசைப்படி அடுத்தது யூரோப்பா யூனிவர்சாலிஸ். அதைத்தான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எனவே ஒரு தாவல்.

விக்டோரியா மூன்று. 1836-இல் ஆட்டம் தொடங்கும். இங்கே மதமும் கலாச்சாரமும் மக்கள் கூட்டங்களிடம் இருக்கின்றன. ஒரே மாகாணத்தில் பல கூட்டம் பக்கத்தில் பக்கத்தில் வாழும். மதம் இங்கே ஒரு கட்சியும்கூட. ‘டிவௌட்’ (பக்தர்கள்) என்று ஓர் அரசியல் குழு, அவர்களுக்குப் பிடித்த சட்டம், பிடிக்காத சட்டம், கோபம் எல்லாம் உண்டு. ஸ்பெயினுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 1836-இல் அங்கே கார்லிஸ்ட் போர் என்ற அரியணைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பிரதமர் மெண்டிஸாபலின் அரசு அந்த வருஷம்தான் மடாலய நிலங்களை ஏலம் விட ஆரம்பித்தது. சண்டை சொர்க்கத்தைப் பற்றியா, சொத்தைப் பற்றியா என்று பிரிக்க முடியாத காலம்.

அதற்கப்புறம் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் நான்கு. 1936 ஜனவரி. ஸ்பானிய உள்நாட்டுப் போர் வாசலில் நிற்கிறது. மதம் எங்கே என்று தேடினேன். அப்படி ஒரு கட்டமே இல்லை. ஜனநாயகம், கம்யூனிசம், பாசிசம், அணிசேராமை, அவ்வளவுதான். நிஜப் போரில் கிட்டத்தட்ட 7,000 பாதிரியார்களும் துறவிகளும் கொல்லப்பட்டார்கள். திருச்சபை, குடியரசை எதிர்த்த தளபதி ஃபிராங்கோ பக்கம் வெளிப்படையாக நின்றது. நூறு வருஷம் முன்னால் தொடங்கும் கேமில் கட்சியாகவே இருந்த மதம், இங்கே எண்களிலிருந்து ஆவியாகிவிட்டது.

சரி, இப்போது பொத்தான். திரையைப் பகிர்கிறேன், ஒரு நிமிஷம்... தெரிகிறதா?

இதுதான் யூரோப்பா யூனிவர்சாலிஸ் நான்கு. 1444 நவம்பர் 11-இல் தொடங்கும் ஆட்டம். நான் காஸ்டில், பின்னாளில் ஸ்பெயினாகும் அரசு. (பட்டத்து இளவரசர் என்ரிக்கேவின் மூன்று திறமைகளும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இத்தனைக்கும் ஆட்டத்தின் பலமான நாடுகளில் ஒன்று இது. பாவம் மனிதர்.) இதோ தெற்கே கிரனடா, தீபகற்பத்தில் மிஞ்சிய கடைசி முஸ்லிம் அரசு. பிடித்தாயிற்று. மாகாணத்தைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறது, பாருங்கள். மதம்: ஒன்று. கலாச்சாரம்: ஒன்று. இரண்டு எழுத இடமே இல்லை. இங்கே மதம் மண்ணில் இருக்கிறது. மிஷனரியை அனுப்பினால் மாதாமாதம் சதவீதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நூறைத் தொட்டதும் சின்னம் மாறும். நேற்று வரை மொத்த ஊரும் சுன்னி, இன்றிலிருந்து மொத்த ஊரும் கத்தோலிக்கம். கலாச்சாரத்துக்கும் இதே மாதிரிதான், ராஜதந்திரப் புள்ளிகளைக் கொட்டினால் அதுவும் மாறிவிடும். மாற்றினால் மத ஒற்றுமை கூடும், கலகம் குறையும். எனக்கு லாபம்தான்.

நிஜக் கிரனடாவில் அந்த நூறு சதவீதம் வரவே இல்லை. சரணடையும்போது போட்ட ஒப்பந்தத்தில் மசூதி, சட்டம், வழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் கைமாறியது 1492 ஜனவரியில். 1499-இல் டொலேடோவின் பேராயர் சிஸ்னெரோஸ் வந்து கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுக்க, கலகம் வெடித்தது. 1502-இல் காஸ்டில் முழுக்க ‘மாறு, அல்லது வெளியேறு’ என்று ஆணை. பெரும்பாலோர் மாறினார்கள். கேமின் கணக்குப்படி இதோடு கதை முடிந்திருக்க வேண்டும், இல்லையா? நிஜத்தில் தொந்தரவே அப்போதுதான் தொடங்குகிறது. மாறியவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர் வைத்தார்கள். தேவாலயத்துக்குப் போனாலும் சந்தேகம், போகாவிட்டாலும் சந்தேகம். 1567-இல் இரண்டாம் ஃபிலிப்பின் அரசு அரபு மொழி, உடை, பெயர், பொதுக் குளியலறை வரைக்கும் தடை போட்டது. மறு வருஷம் மறுபடி கலகம், 1571 வரை நீண்டது. மக்களை வேரோடு பிடுங்கி காஸ்டில் முழுக்கச் சிதற விட்டார்கள். கடைசியில் 1609-இலிருந்து 1614-க்குள் சுமார் 3 லட்சம் பேரைக் கப்பலேற்றி வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளை!

இனி நேற்று ராத்திரி நடந்தது. 2018-இல் ‘கோல்டன் செஞ்சுரி’ என்று ஒரு டி.எல்.சி., அதாவது தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு, வந்தது, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்தை மையமாக வைத்து. அதில் சிறுபான்மையினரை வெளியேற்றும் வசதி உண்டு. காலனி ஒன்றை உருவாக்கும்போது உங்கள் மதமோ கலாச்சாரமோ இல்லாத ஒரு மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மக்கள் அந்தக் காலனிக்குப் போவார்கள். காலனி வேகமாக வளரும். அது முடிந்ததும் பழைய மாகாணம் சுத்தமாக உங்கள் நிறத்துக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஆதாயம். மிஷனரிக்குச் சம்பளம் கூட மிச்சம். அழுத்தினேன். கிரனடாவின் முஸ்லிம்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

போயிருக்கவே முடியாது. அந்தக் காலத்து ஸ்பெயின் முஸ்லிம்களையும் யூதர்களையும் மட்டுமில்லை, மதம் மாறிய குடும்பத்துக்காரர்களையும் அமெரிக்கா பக்கம் போகக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. கப்பலேற வேண்டுமென்றால் பரம்பரைக் கிறிஸ்தவன் என்று நிரூபிக்க வேண்டும். புது நிலத்தில் ‘அழுக்கு’ படியக் கூடாதாம். கேமில் நான் செய்ததை அந்த அரசே அனுமதித்திருக்காது.

காலனி முடிந்ததும் மாகாணத்துக்குப் பெயர் வைக்கலாமே என்று தோன்றியது. இதோ, இந்த எழுத்தைத் தொட்டால் மாற்றலாம். ஊரை விட்டு வந்தவர்களாச்சே என்று ‘புதிய கிரனடா’ என்று தட்டினேன். தட்டி முடித்ததும்தான் உறைத்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. இன்றைய கொலம்பியாவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி 1530-களில் வைத்த பெயர், நுவேவோ ரெய்னோ டி கிரனடா, அதாவது கிரனடாவின் புதிய அரசு. கிரனடாக்காரர்கள் கால் வைக்கக் கூடாத கிரனடா.