கிளினிக் நாளில் விழுங்காத குளிசை

(வெள்ளவத்தையில் நடந்த சுகாதாரக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

மருந்து கொடுக்கும் ஜன்னலின் உட்புறத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவன் நான். "குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால், பேச்சு வாங்க விரும்பாத எவரும் "ஓம்" என்றுதான் சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கையோ, வளர்ந்த நாடுகளிற்கூட நீண்டகால நோயாளரில் ஏறத்தாழ 50 சதவீதத்தினரே சொன்னபடி மருந்தெடுக்கிறார்கள் என்கிறது. ஆகவே இதை நம் சனத்தின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அம்மாவுக்கு மாதாமாதம் பிரஷர் கூடுதலாகவே இருந்தது. கிளினிக் கொப்பியில் குளிசைகளும் கூடிக்கொண்டே போயின. சனம் குறைந்திருந்த ஒருநாள், உறைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, "இதை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "தம்பி, இது சலம் போக வைக்கிற குளிசை. விடியவே நம்பர் எடுக்க வரவேணும். பஸ்ஸிலே என்ன செய்யிறது? வரிசையை விட்டுப் போனால் இடமும் போயிடும்" என்றார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் மற்றக் குளிசைகளும் அன்று வீட்டிலேயே இருந்தன. அதாவது, அவர் மருந்தே போடாத காலைகளில் மட்டுந்தான் அவருடைய பிரஷர் அளக்கப்பட்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் மருந்தும் கூட்டப்பட்டது. மூன்று ஆண்டுகளாக இதை நானும் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

காரணங்கள் இப்படித்தான், அவரவர் வாழ்க்கைக்குள்ளே இருக்கின்றன. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. தலை சுற்றாதவருக்குக் குளிசை வீண் போலத் தோன்றுகிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்போர்மினால் சிலருக்கு வயிறு குழம்புகிறது, பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. நிறுத்தினால் சுகம், ஆகவே நிறுத்திவிடுகிறார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த குளிசையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தினார்கள். அது சிக்கனமான புத்திதான். ஆனால் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட சில குளிசைகளை உடைத்தால் முழு நாளுக்குரிய மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடக்கூடும் என்பதை ஜன்னலில் யாரும் சொல்லவில்லை.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவரின் கையில் சிங்களத்திலோ ஆங்கிலச் சுருக்கெழுத்திலோ எழுதிய உறையைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்னபடி செய்யவில்லை என்று கோபிப்பது எந்த வகையில் நியாயம்? உறையில் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைய எனக்கு ஐந்து விநாடி போதுமாயிருந்தது.

அந்த அம்மாவை வைத்தியரிடம் நானே கூட்டிச்சென்றேன். கிளினிக் நாட்களில் சலக் குளிசையை வீடு திரும்பிய பிறகு போடலாம் என்றும், மற்றப் பிரஷர் குளிசைகளை வெறும் வயிற்றிலும் ஒரு வாய் தண்ணீருடன் விழுங்கிவிட்டு வரலாம் என்றும் அவர் கொப்பியில் எழுதினார். புதிதாகச் சேர்க்க இருந்த குளிசையை அன்று அவர் எழுதவில்லை.