யுகிகாசே: மிதந்து நின்ற ஒரே கப்பல்

நண்பர்களே, வணக்கம்.

யுகிகாசே என்றால் ஜப்பானிய மொழியில் வெண்பனிக் காற்று. 1940 ஜனவரியில் ஜப்பான் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பல் (டெஸ்ட்ராயர்) அது. ககேரோ வகையில் கட்டிய 19 கப்பல்களில், இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிதந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். அதனால் ‘அதிர்ஷ்டக் கப்பல்’ என்று பெயர் வாங்கிவிட்டது.

எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. ஜாவா கடல், மிட்வே, குவாடல்கனால், லேய்ட்டே என்று பெரிய சண்டைகள் பலவற்றில் இருந்த கப்பல் இது. 1943 டிசம்பரில் அதன் கேப்டனாக வந்தவர் தெராவுச்சி மசமிச்சி. விமானங்கள் குண்டு போட வந்தால், கட்டளை மேடையின் கூரைத் திறப்பில் தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கீழே நிற்கும் அதிகாரியின் வலது தோளைக் காலால் தட்டினால் கப்பலை வலப்பக்கம் திருப்ப வேண்டும், இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம். சத்தத்தில் வாய்ச்சொல் கேட்காதல்லவா? இதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

சரி, தப்பித்த கப்பலுக்கு என்ன வேலை கிடைத்தது? மூழ்கியவர்களைத் தூக்குகிற வேலை. 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில் ஒரு துருப்புக் கப்பல் மூழ்கியது. யுகிகாசேயும் அசகுமோ என்ற இன்னொரு நாசகாரியும் சுமார் 950 பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இரவோடு இரவாக நியூ கினியின் லாயே துறையில் இறக்கிவிட்டு, விடிவதற்குள் மற்றக் கப்பல்களோடு வந்து சேர்ந்துகொண்டன. அன்று காலைதான் அந்த அணியின் பெரும்பாலான கப்பல்களை விமானங்கள் அழித்தன.

1944 நவம்பரில் ஷினானோ என்ற மாபெரும் விமானந்தாங்கிக்குக் காவலாக யுகிகாசே, ஹமகாசே, இசோகாசே மூன்றும் போயின. ஓர் அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. மூன்றும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டன. அடுத்த ஏப்ரல் 6ஆம் தேதி யமாட்டோ போர்க்கப்பலோடு அதே மூன்றும் கிளம்பின. மறுநாள் ஹமகாசே மூழ்கியது. இசோகாசே நகர முடியாமல் நின்றுவிட்டது. அதிலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு, அதைச் சுட்டு மூழ்கடித்ததும் யுகிகாசேதான். கூட வந்த தோழனைத் தன் பீரங்கியாலேயே அனுப்பிவைத்த அந்த மாலுமிகளின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பிலிப்பைன்ஸிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் ஜப்பான் படை இறங்கியபோது காவல் நின்றதும் இதே கப்பல்தான். அந்த ஆக்கிரமிப்பில் அந்நாட்டு மக்கள் பட்ட துன்பத்தில் அதற்கும் பங்குண்டு.

போருக்கு அப்புறம் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, வெளிநாடுகளில் சிக்கியிருந்த 13,000 பேரளவில் ஊருக்குக் கொண்டுவந்தது. 1947 ஜூலையில் ஷாங்காயில் சீனக் குடியரசிடம் (பின்னர் தைவானுக்கு இடம்பெயர்ந்த அரசு) ஒப்படைத்தார்கள். டான்யாங் என்ற புதுப்பெயரோடு தைவான் கடற்படையில் பல ஆண்டுகள் ஓடி, கடைசியில் உடைக்கப்பட்டது. அதன் நங்கூரமும் சுக்கான் சக்கரமும் மட்டும் ஜப்பானுக்குத் திரும்பி, எத்தாஜிமா கடற்படைப் பள்ளியில் இருக்கின்றன.