விரிவுரைக்கு ஏற்ற நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு இயற்பியல் வகுப்பு. நியூட்டனின் மூன்றாம் விதி. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது கரும்பலகையில் ஏறி, அப்படியே நோட்டில் இறங்குகிறது. தேர்வில் கேட்டால் வரி பிசகாமல் எழுதிவிடுவார்கள். அதே மாணவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: சரக்கேற்றிய லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்துகிறது? "லாரிதான், சந்தேகமென்ன?" என்பார்கள் பலர். விதியின்படி இரண்டும் சமம். அந்த விதியைத்தான் சற்றுமுன் எழுதினார்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990 வாக்கில் கண்டதும் இதுதான். மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய விரிவுரையாளர் அவர். கணக்கே இல்லாத, விசை பற்றிய எளிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். விரிவுரையைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவை எல்லாவற்றின் சாரமும் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன். பாடம் ஒரு பக்கம் சேர்கிறது, பழைய நம்பிக்கை இன்னொரு பக்கம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 இயற்பியல் வகுப்புகளின், 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. முதலில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவைப் புதிதாகக் கற்றார்கள் என்று பார்த்தார். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரி 23 விழுக்காடு. மாணவர்கள் பேசி, விவாதித்து, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் 48. பிறகு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் ஒன்றாக ஆராய்ந்தார்கள். விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர். மாணவர்களைச் செயல்பட வைத்த வகுப்பில் 22 பேர். நூறு பேர் படிக்கும் வகுப்பு என்று வைத்துக்கொண்டால், அரியர் இல்லாமல் தப்பிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். எனக்கு இது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

அப்படியானால் விரிவுரையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஒன்றும் தெரியாத மாணவரிடம் "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிட்டால் அவர் தடுமாறித்தான் போவார். விளக்கிச் சொல்ல ஆசிரியர் வேண்டும். எப்போது சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1998இல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜான் பிரான்ஸ்ஃபோர்டு இருவரும் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டியது. ஒரு குழுவினர் ஆய்வுத் தரவுகளைத் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விரிவுரை கேட்டார்கள். இன்னொரு குழுவினர் அதே விஷயத்தைப் படித்து, சுருக்கம் எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டார்கள். மூன்றாம் குழுவினர் தரவுகளை இரண்டு முறை அலசினார்கள், விரிவுரை கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் புதிய சூழலில் அந்த அறிவைப் பயன்படுத்தச் சொன்னபோது, முதல் குழுவே முந்தியது. விரிவுரையும் வேண்டியிருந்தது, அதற்கு முன்னால் பசியும் வேண்டியிருந்தது.

அந்தப் பசியை வகுப்பிலேயே உண்டாக்க மசூர் கையாண்ட வழியை எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். ஏழு முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு கருத்தை விளக்குங்கள். பிறகு நான்கு விடைகள் கொண்ட ஒரு கேள்வி. ஒன்றிரண்டு நிமிடம் தனியாக யோசிக்கட்டும், பேச்சு கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்டட்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டுக்கும் கீழே என்றால் விளக்கம் போய்ச் சேரவில்லை, திரும்ப விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் இரண்டு வரி சொல்லிவிட்டு நகரலாம். நடுவில் இருந்தால்தான் விளைச்சல்: பக்கத்தில் வேறு விடை வைத்திருப்பவரைத் தேடி, இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். பெஞ்சுகளை நகர்த்த முடியாத வகுப்பில் ஒன்றுவிட்ட வரிசையினர் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும். மறுபடி விடை காட்டச் சொல்லுங்கள். விளக்கம் அதற்குப் பிறகுதான்.

கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, மடிப்புக்கு ஒன்றாக அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதி, வேண்டிய எழுத்து முன்னால் தெரியும்படி மார்போடு பிடித்தால் ஆயிற்று. விடையை அழுத்திச் சொல்லும் மின்னணுப் பொத்தானுக்கும், இப்படிக் கையில் பிடிக்கும் அட்டைக்கும் கற்றலில் வித்தியாசம் இல்லை என்று 2008இல் நதானியல் லாஸ்ரி சோதித்துக் காட்டியிருக்கிறார். கை தூக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கும் மாணவர் எப்போது தூக்குகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

பிசகுகிற இடங்கள் இன்னும் உண்டு. கேள்வி மனப்பாடக் கேள்வியாக இருந்தால் வாதாட ஒன்றும் இருக்காது. தவறான விடைகளை மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறுகளிலிருந்து எடுக்க வேண்டும். பழைய விடைத்தாள்களே அதற்குச் சுரங்கம். முதல் சுற்றின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிட்டால், வாதம் நின்றுபோய் எல்லோரும் பெரும்பான்மையோடு போய்விடுவார்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியரே பதிலையும் சொல்லிவிடுவது இன்னொன்று. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அளந்து பார்த்தபோது ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசுபவர்களும் கூடினார்கள்.

போர்ஷன் முடியாதே என்ற கவலை நியாயமானது. 50 நிமிடத்தில் வருகைப் பதிவுக்கு 3 நிமிடம், நோட்டைத் திறக்காமல் போன வகுப்பை நினைவுகூர 5, விளக்கம் 10, கேள்வி 8, மறுபடி விளக்கம் 10, மறுபடி கேள்வி 8, கடைசி 6 நிமிடம் புரியாததை எழுதித் தர. பேசக் கிடைப்பது இருபதே நிமிடம். நேரத்தை உண்மையில் தின்பது நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, தாளில் படித்தால் புரியாத இடத்தை மட்டும் வகுப்பில் பேசுங்கள். முழு முறையும் முடியாதவர்கள் 1987இல் கேத்தி ரூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதித்ததையாவது செய்யலாம்: ஒரு வகுப்பில் மூன்று முறை, 2 நிமிடம் பேச்சை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரோடு குறிப்புகளை ஒப்பிட்டுச் சரிசெய்ய விடுவது. அதற்கே நினைவில் நின்றது கூடியது.

மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். 2019இல் ஹார்வர்டிலேயே நடந்த ஆய்வில், சரளமான விரிவுரை கேட்டவர்கள், தாங்களே செய்து கற்றவர்களைவிட அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், ஆனால் தேர்வில் அவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். காதுக்கு இதமாக இருந்ததைப் புரிந்ததாக எண்ணிவிடுகிறோம். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

லாரிக் கேள்விக்கு வருவோம். இரண்டாம் சுற்று முடிந்தது. "விசை சமமென்றால் கார் மட்டும் ஏன் சார் தூக்கி எறியப்படுகிறது?" என்று யாராவது கேட்டே தீருவார். இப்போது சாக்பீஸை எடுங்கள். லாரி 10 டன், கார் 1 டன். விசை ஒன்றே. நிறை பத்தில் ஒரு பங்கு என்பதால் காரின் முடுக்கம் பத்து மடங்கு. ஐந்து நிமிட விரிவுரைதான். பாதி வகுப்பு "லாரி" என்று அட்டை காட்டியிருக்கிறது, மீதிப் பாதி அதை எதிர்த்து வாதாடியிருக்கிறது. அத்தனை கண்களும் இப்போது கரும்பலகையில்தான் இருக்கும்.

வணக்கம்.