அரை சென்ட் இடத்தில் வீடு வருமா?

அடுத்த கேள்வி. "சாலை அகலப்படுத்தியதில் எங்கள் மனையில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது ஒரு சென்ட்டுக்கும் குறைவு, அதுவும் கோணல்மாணலாக. வீடு கட்ட முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முடியும். டோக்கியோவில் கிட்டத்தட்ட உங்கள் கதைதான் நடந்தது. 1964 ஒலிம்பிக்ஸுக்காகச் சாலை போட்டபோது, ஓரத்தில் முக்கோணம் மாதிரி ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. சுமார் 20 சதுர மீட்டர்; நம் கணக்கில் அரை சென்ட். தகாமித்சு அசுமா என்ற கட்டிடக் கலைஞர் 1966இல் அதில் தன் குடும்பத்துக்கே வீடு கட்டினார். மனைவி, மகளோடு மூன்று பேர். டவர் ஹவுஸ் என்று பெயர். முழுக்க கான்கிரீட், பூச்சுகூடக் கிடையாது.

நாம் பிளான் போடும்போது ஹால், பெட்ரூம் எல்லாம் பிரித்துவிட்டு, படிக்கட்டுக்குக் கடைசியில் மூலை தேடுவோம். சின்ன மனையில் அந்தப் படியே பாதி இடத்தை விழுங்கிவிடும். அசுமா படிக்கட்டையே வீடாக்கிவிட்டார். தரைத்தளத்தில் வாசலும் கார் நிறுத்த இடமும் (ஆமாம், கார்!). ஏறினால் ஹாலும் சமையலும். அதற்கு மேல் குளியலறை, அப்புறம் படுக்கை, உச்சியில் மகளின் அறை. பூமிக்கடியில் சாமான் அறை. எல்லாம் சேர்த்து 700 சதுர அடி வந்துவிட்டது.

வாசலைத் தவிர உள்ளே ஒரு கதவுகூடக் கிடையாது. கழிப்பறைக்கும் இல்லை! ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் இருப்பதால் பார்வை மறைந்துவிடும், சத்தம் மறையாது. என் மாமியார் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டார்.

நீங்களும் கதவைக் கழற்ற வேண்டாம். வீட்டில் முட்டிவலிக்காரர் இருந்தால் இந்த மாதிரியே சரிப்படாது. ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அறை எண்ணிக்கையை அப்புறம் பேசலாம். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கடைக்கால் தோண்டும்போது முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டவிடாதீர்கள்; அவர் சுவர் உங்கள் குழிக்குள் வந்துவிடும். இஞ்சினியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துண்டு துண்டாகத் தோண்டுங்கள்.

அப்புறம், நான்கு பக்க அளவை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். கோணல் மனைக்கு அது போதாது. மூலைக்கு மூலை டேப் பிடித்து அந்த அளவையும் அனுப்புங்கள், வரைந்து பார்க்கலாம்.